மேலே ஐ.எஸ்.எல்., கீழே காலேஜ் கிரவுண்டு: நடுவில் படிக்கட்டு எங்கே?

"மச்சி, சாயந்திரம் மேட்ச் இருக்கு. வர்றியா?"

"சி.எஸ்.கே.வா? டிக்கெட் எப்படிடா கிடைச்சுது?"

"கிரிக்கெட் இல்லடா, ஃபுட்பால். சென்னை லீக். டிக்கெட்டே கிடையாது, சும்மா உள்ளே போகலாம்."

"சென்னையில லீக்லாம் நடக்குதா?"

ஆபீஸ் கேன்டீனில் இந்த உரையாடலை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கேட்பவர் ஒன்றும் ஃபுட்பால் தெரியாதவர் இல்லை. ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து சாம்பியன்ஸ் லீக் பார்ப்பவர். ரியல் மாட்ரிட்டின் ரிசர்வ் கோல்கீப்பர் பெயரைக் கேட்டால்கூட சொல்வார். ஆனால் அவர் வீட்டிலிருந்து அரை மணி நேர தூரத்தில், பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில், சென்னைப் பசங்க ஆடும் ஆட்டம் அவருக்குத் தெரியாது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. இந்த ஊர் கால்பந்தின் பிரச்னையும் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று மாடி, ஏணி இல்லை

சென்னைக் கால்பந்தை ஒரு மூன்று மாடிக் கட்டடமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மேல் மாடியில் சென்னையின் எஃப்.சி. 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது பிறந்த அணி. அபிஷேக் பச்சன், விடா டானி, தோனி ஆகியோர் உரிமையாளர்கள். இரண்டு முறை கோப்பை வென்ற அணி.

நடு மாடியில் சென்னை கால்பந்து சங்கத்தின் லீக். ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை, ரயில்வே, போலீஸ் என்று அலுவலக அணிகளும், சில தனியார் கிளப்களும் ஆடி வளர்த்த இடம்.

கீழ் மாடியில் கல்லூரிகள். லயோலா, எம்.சி.சி., எஸ்.ஆர்.எம்., இந்துஸ்தான் என்று பட்டியல் நீளும். லயோலாவில் நடக்கும் பெர்ட்ரம் நினைவுப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாணவர்கள் சுற்றி நின்று கத்தும்போது அந்த மைதானத்துக்கு வேறு எந்த அலங்காரமும் தேவைப்படாது.

மூன்று மாடியும் இருக்கிறது. மூன்றிலும் விளக்கு எரிகிறது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறிப்போக வழி எங்கே என்று கேட்டால்தான் பதில் இல்லை.

நீலச் சட்டைக்காரன் சொல்கிறேன்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையின் ரசிகன். 2015-ஐ மறக்கவே முடியாது. அந்த வருஷம் வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்தது. சென்னையில் நடந்திருக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊரே இல்லாத 'ஹோம்' மேட்ச்சில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது நம் அணி. அப்புறம் டிசம்பர் 20-ம் தேதி கோவாவில் ஃபைனல். ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது 1-2 என்று பின்தங்கி இருந்தோம். டி.வி.யை அணைத்துவிடலாமா என்று யோசித்தவர்களில் நானும் ஒருவன். எதிரணி கோல்கீப்பர் தவறிப்போய்த் தன் வலைக்குள்ளேயே ஒரு பந்தை விட, அடுத்த சில நிமிடங்களில் மெண்டோசா அடித்த கோலில் 3-2. வீட்டில் இன்னும் சேறு கழுவி முடியாத நேரத்தில் வந்த சந்தோஷம் அது.

2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே, அதே 3-2 கணக்கில் வென்று இரண்டாவது கோப்பை. அந்த சீசனில் அணியின் நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் வியாசர்பாடி தனபால் கணேஷ். பயிற்சி அகாடமி விளம்பரத்தில் வரும் பையன் இல்லை அவர். வடசென்னையின் முல்லை நகர் மைதான மண்ணில் ஆடி வளர்ந்தவர். அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் 'பி' ஸ்டாண்டில் எழும் சத்தம் தனி. வெளிநாட்டு வீரர் கோல் அடித்தால் கைதட்டுவோம். நம்ம ஏரியா பையன் ஒரு டேக்கிள் போட்டாலே எழுந்து நிற்போம்.

அப்படியானால் 'தமிழ்நாட்டுப் பசங்களை மட்டும் எடு' என்கிறேனா? இல்லவே இல்லை. மிசோரத்திலிருந்து வந்த ஜேஜே லால்பெக்லுவாவை இந்த ஊர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. டேராடூன் பையன் அனிருத் தாபா இங்கேதான் வளர்ந்து இந்திய அணிக்குப் போனார். அவர்கள் நம்மவர்கள்தான். ஐ.எஸ்.எல். விதிப்படி களத்தில் குறைந்தது ஏழு இந்தியர்கள் இருக்க வேண்டும். அந்த ஏழு இடங்களுக்கு யார் வேண்டுமானாலும் வரட்டும், திறமை இருந்தால் போதும். என் கேள்வி வேறு: அந்த ஏழில் ஒரு இடத்துக்குப் போட்டி போட, இந்த ஊரில் காலேஜ் முடிக்கும் ஒரு பையனுக்கு வழி இருக்கிறதா?

ஃபைனல் இயர் கதை

கல்லூரி மைதானங்களில் நான் பார்க்கும் வழக்கமான கதை இது. பையன் பள்ளியில் நன்றாக ஆடுகிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சீட், கூடவே ஹாஸ்டலும் சாப்பாடும் கிடைக்கின்றன. மூன்று வருஷம் கல்லூரிக்காக ஆடுகிறான். கெட்டிக்காரனாக இருந்தால் பல்கலைக்கழக அணி, மண்டலப் போட்டி, அகில இந்தியப் போட்டி வரை போகிறான். வீட்டு அலமாரியில் மெடல் சேர்கிறது.

அப்புறம் ஃபைனல் இயர் முடிகிறது. வயது 21. ஃபுட்பாலில் இது கனியும் வயது. இவனுக்கோ இதுதான் கடைசி சீசன்.

முன்பு இந்த இடத்தில்தான் நடு மாடி கை கொடுத்தது. லீக்கில் நன்றாக ஆடினால் ஒரு வங்கியோ, ஐ.சி.எஃப்.போ, ரயில்வேயோ கூப்பிடும். மாதச் சம்பளம், பி.எஃப்., அதோடு சாயந்திரப் பிராக்டிஸ். அம்மாவுக்கும் நிம்மதி, பையனுக்கும் பந்து. எத்தனையோ குடும்பங்கள் ஒரு பூட்ஸ் ஜோடியை நம்பி மேலே வந்த கதை வடசென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த வேலைகள் காலப்போக்கில் சுருங்கிவிட்டன. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அது தேசிய, சர்வதேச அளவில் சாதித்தவருக்கான கதவு. சாதிக்கப்போகிறவன் அதுவரை எதைச் சாப்பிடுவான்?

அதனால் 22 வயதில் பையன் டெலிவரி பைக் எடுக்கிறான். இல்லாவிட்டால் பி.டி. மாஸ்டர் ஆகப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை டர்ஃபில் ஐ.டி. கம்பெனி அணிக்கு 'கெஸ்ட்' பிளேயராக ஆடி ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்குகிறான். உங்கள் ஆபீஸ் டூர்னமென்ட்டில் ஒரே ஆள் ஆறு பேரைத் தாண்டிப்போய் கோல் அடித்தாரே, 'யார்டா இவன்?' என்று கேட்டீர்களே, அநேகமாக இவனாகத்தான் இருக்கும்.

வழி இருந்தால் என்ன நடக்கும்?

வழி இருந்தால் நம் பசங்க ஜெயிப்பார்கள் என்பதற்குச் சான்று இங்கேயே இருக்கிறது.

2018-19 ஐ-லீக் சீசன். கோவையைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி சாம்பியன் ஆனது. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப். ஸ்பெயின்காரர் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அவரைச் சுற்றி ஆடியவர்களில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் கணிசமாக இருந்தார்கள். அதற்குப் பிறகு எட்வின் சென்னையின் அணிக்குப் போனார், ரொமாரியோ கோவாவுக்கு. இரவிபுத்தன்துறை கடற்கரையில் ஆடி வளர்ந்த மைக்கேல் சூசைராஜும் இதே சென்னை சிட்டி வழியாகத்தான் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தார். அதாவது, காணாமல்போன படிக்கட்டாக அந்த ஒரு கிளப் சில வருஷம் இருந்தது. கோப்பை வென்ற சில ஆண்டுகளிலேயே அது ஐ-லீக்கிலிருந்து மறைந்தும் போனது. அதற்காக இந்த ஊரில் யாரும் தெருவில் இறங்கிக் கேட்கவில்லை. நானும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டதோடு சரி.

பெண்கள் அணியைப் பாருங்கள். சந்தோஷ் டிராபியை ஆண்கள் அணி இன்றுவரை வென்றதில்லை. ஆனால் தேசிய சீனியர் மகளிர் கோப்பையைத் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் வென்றுவிட்டது. 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் சாம்பியன். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கும் ஆடினார், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார். வேலையும் ஆட்டமும் ஒன்றாகக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 'பிகில்' படத்துக்கு விசில் அடித்த நம்மில் எத்தனை பேர் சேது எஃப்.சி. ஆடி ஒரு மேட்ச் பார்த்திருக்கிறோம்?

வெளியே பார்த்தால் மிசோரம். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 11 லட்சம்தான். அவர்கள் 2012-ல் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கினார்கள். உள்ளூர் கேபிள் சேனல் ஆட்டங்களைக் காட்டியது. 2014-ல் சந்தோஷ் டிராபி வென்றார்கள், 2017-ல் அய்ஸால் எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன். பக்கத்து கேரளத்தில் 2024-ல் ஆறு அணிகளோடு சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. இரண்டு இடத்திலும் செய்தது ஒன்றுதான்: உள்ளூர் ஆட்டத்தை ஊர் பார்க்கும்படி வைத்தார்கள்.

மேல் மாடி ஆடினால்?

'ஐ.எஸ்.எல். இருக்கே, அது போதாதா?' என்று கேட்பவர்களுக்கு 2025 ஒரு பாடம். இந்தியக் கால்பந்து கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டாததால், ஜூலையில் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையின் எஃப்.சி. உட்பட சில கிளப்கள் தங்கள் செயல்பாட்டை நிறுத்திவைத்தன. இந்திய அணிக்கு ஆடும் வீரர்களே 'எங்களை ஆட விடுங்கள்' என்று கேட்கும் நிலை வந்தது.

அந்த மாதங்களில் ஒன்று புரிந்தது. நாம் ஒரே ஒரு ஒப்பந்தத்தாளின் மேல் நம் ஃபுட்பாலை எல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். கீழ் மாடிகள் உறுதியாக இருந்திருந்தால், மேலே ஆட்டம் கண்டபோது ரசிகனுக்குப் போக ஒரு மைதானம் இருந்திருக்கும், வீரனுக்கு ஆட ஒரு மேட்ச் இருந்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம்?

கோடிக்கணக்கில் பணம் கேட்கவில்லை. ஒரு ரசிகனாக நான் கேட்பது நான்கே விஷயம்.

ஒன்று: லீக் ஆட்டங்களை வேலைநாள் மத்தியான வெயிலில் வைக்காதீர்கள். வார இறுதியில், விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள். அட்டவணை ஒரு வாரம் முன்பே ஃபோனில் கிடைக்கட்டும். ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி யூடியூபில் காட்டினாலும் போதும்.

இரண்டு: கல்லூரிப் போட்டியும் லீக்கும் செமஸ்டர் தேர்வும் ஒன்றோடொன்று மோதாத ஒரே காலண்டர். 75 சதவீத அட்டெண்டன்ஸுக்கும் அரையிறுதிக்கும் நடுவில் ஒரு பையனைத் தவிக்கவிடுவது நியாயமில்லை.

மூன்று: தொழில்முறை கிளப்கள் ஒவ்வொரு வருஷமும் கல்லூரிகளிலிருந்து இரண்டு மூன்று பேரையாவது ரிசர்வ் அணிக்கு ஒப்பந்தம் செய்யட்டும். பெரிய சம்பளம் வேண்டாம், ஒரு டிரெய்னி இன்ஜினீயருக்குக் கொடுப்பது கொடுத்தால் போதும். அவர்களில் ஒருவர் தேறினாலும் ஸ்டேடியத்துக்கு அவர் தெருவே வரும்.

நான்கு: இந்த ஊரில் இவ்வளவு ஐ.டி. கம்பெனிகள் இருக்கின்றன. அன்று வங்கிகளும் ஐ.சி.எஃப்.பும் செய்ததை இன்று இவர்கள் செய்யலாமே? ஆபீஸ் டூர்னமென்ட்டுக்கு 'கெஸ்ட்'டாகக் கூப்பிடும் பையனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது நமக்கு. போய்ப் பாருங்கள். சென்ட்ரலில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம். ஆட்டம் எப்போதும் நன்றாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். பாஸ் தப்பும், பந்து வெளியே பறக்கும். ஆனால் ஸ்டாண்டில் நீங்கள் உட்கார்ந்திருப்பது வீரனுக்குத் தெரியும். போன முறை நான் போனபோது மொத்தக் கூட்டமே அறுபது எழுபது பேர் இருக்கும். ஒரு விங்கர் இரண்டு பேரை ஏமாற்றி கிராஸ் போட்டான். பின்னால் ஒரு பெரியவர் குடையைத் தட்டி, "அப்படித்தான்டா கண்ணா!" என்றார். பையன் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

நாற்பதாயிரம் பேர் கத்தும் ஆட்டத்தில் அது நடக்காது. அந்தப் பையன் இப்போது ஃபைனல் இயர் படிக்கிறான். அடுத்த வருஷமும் அவனை ஸ்டேடியத்தில் பார்க்க வேண்டும், சிக்னலில் டெலிவரி பையோடு இல்லை. என் ஆசை அவ்வளவுதான்.