வீட்டிலிருந்து வேலை: மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் ஏன் சரிவராது?

2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது, அம்மாதம் 20 முதல் 27 வரை வீட்டிலிருந்து வேலை செய்யும் வாரமாக அரசாங்கம் அறிவித்தது. 2022 ஜூனில் பெற்றோலும் டீசலும் இல்லாமல் போனபோது, அரச ஊழியர்களில் பெரும்பாலோரை மறுபடியும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். தனியார் கம்பனிகளும் அதையே செய்தன. கணக்கு, காப்புறுதி, வாடிக்கையாளர் சேவை எல்லாம் சாப்பாட்டு மேசையிலிருந்து நடந்தன. அதற்கு முன்னர் இதே ஏற்பாட்டைக் கேட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு, "எங்கள் வேலைக்கு அது சரிவராது" என்பதுதான் வழக்கமான பதில்.

எரிபொருள் வரிசை மறைந்ததும் பழைய பதில் திரும்பி வந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலியில் இருப்பவர். கொவிட் காலத்தில் வெள்ளவத்தையிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து கணக்குப் பார்த்தார். ஒரு மாதமும் பிந்தவில்லை. பிறகு எல்லோரும் ஒபிஸுக்கு வரவேண்டும் என்றார்கள். ஒபிஸ் மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லை. காலி வீதி பஸ்களில் சக்கர நாற்காலியோடு ஏற முடியுமா என்பது அந்தப் பாதையில் போய்வருவோருக்குத் தெரியும். ஆட்டோவில் போனால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். அவர் விலகினார். அவராகவே விலகினார் என்று நிறுவனம் சொல்லும். கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1988இன் 27/88 சுற்றறிக்கை அரச வேலைகளில் 3 வீதத்தை ஒதுக்கச் சொல்கிறது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பில் பாரபட்சம் கூடாது என்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை, வேலைத்தளத்தில் நியாயமான வசதி செய்து கொடுக்கக் கோருகிறது. ஆனால் அந்த 3 வீதம் தனியார் துறையைக் கட்டுப்படுத்தாது. 2012 குடிசன மதிப்பீட்டில் ஏதோவொரு இயலாமையுடன் பதிவானோர் சுமார் 16 இலட்சம். அவர்களில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் பத்துக்கு ஏழு பேர் தொழிற்படையிலேயே இல்லை. இதில் முதியோரும் அடக்கம்தான். அப்படிப் பார்த்தாலும் சிறிய தொகையல்ல.

வீட்டிலிருந்து வேலை கேட்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. "நீங்கள் வீட்டிலேயே இருங்கள்" என்று சொல்லிவிட்டு, சாய்தளமும் லிப்டும் போடாமல் தப்பிக்கொள்ள முதலாளிக்கு அது வசதி. சக்கர நாற்காலியிலிருந்தபடியே கலாநிதி அஜித் சி.எஸ். பெரேரா வழக்குத் தொடுத்து, பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதி குறித்து 2011இல் உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவை நாமே கைவிட்டதாக ஆகக்கூடாது. இன்னொன்று, வீட்டிலிருப்பவரை ஊழியராகப் பதியாமல் துண்டு வேலைக்காரராக வைத்துக்கொள்வது. அப்போது முதலாளி கட்டவேண்டிய 12 வீத ஊழியர் சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கை நிதியும் இல்லாமல் போகும். ஆகவே எங்கிருந்து வேலை செய்வது என்ற தெரிவு ஊழியருடையதாக இருக்கவேண்டும். பதவியும் சம்பளமும் ஒன்றாகவே இருக்கவேண்டும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரலிலிருந்து, வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே எவரும் இப்படியொரு ஏற்பாட்டைக் கேட்கலாம். மறுப்பதானால் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். நமது 1996 சட்டத்திலும் அப்படியொரு பிரிவு வரவேண்டும்.

எமது சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் வியாபாரம் செய்யும் எம்மவர்கள் ரமழானில் மாற்றுத்திறனாளிகளின் வீடு தேடிச்சென்று உதவுகிறார்கள். வறிய மாற்றுத்திறனாளிக்கு அரசு கொடுக்கும் மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 10,000 ரூபாவாக உயர்ந்தது. தேசிய குறைந்தபட்சச் சம்பளமோ 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. கடையின் வட்ஸ்அப் ஓடர்களையும் ஸ்டொக் கணக்கையும் பார்க்க எப்படியும் ஒருவரைச் சம்பளத்துக்கு எடுக்கிறோம். அந்த ஒருவர் ஏன் கொட்டாஞ்சேனையில் தன் வீட்டிலிருந்தபடியே அதைப் பார்ப்பவராக இருக்கக்கூடாது?