பிள்ளைகள் பெயரால் ஒரு பொய்

"பிள்ளைங்க முகத்துக்காகப் பொறுத்துக்கோம்மா." அடிபட்டுத் தாய்வீட்டுக்கு வந்து நிற்கிற பெண்ணின் காதில் முதலில் விழுவது இதுதான். அப்பன் இல்லாத வீட்டில் பிள்ளை தறிகெட்டுப் போகுமாம். எந்தக் குடும்பப் பஞ்சாயத்திலாவது அந்தப் பிள்ளையை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்களா?

கேட்டால் சொல்லும். பைக் வந்து நிற்கிற சத்தத்தை வைத்தே அப்பா என்ன மனநிலையில் வருகிறார் என்பது பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அரிவாள்மனையை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவைப்பான். தங்கையை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கமே காதாக இருப்பான். மறுநாள் வகுப்பில் தூங்குவான். "படிப்புல கவனமே இல்ல, நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பார் ஆசிரியர். யாரைக் கூப்பிடக் கூடாதோ அவரையே கூப்பிடுகிறது பள்ளிக்கூடம். அன்றிரவு அடி இரண்டு பேருக்கு.

எல்லாம் குடியால் வருவது என்று இதையும் கடந்துபோக வேண்டாம். ஒரு சொட்டுக் குடிக்காமல், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அவர்களுடைய பிள்ளைகள்தாம் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்வதும், பிற்காலத்தில் நோயோடும் மனச்சோர்வோடும் சேர்ந்து வருகிற சிறுவயதுத் துன்பங்களில் ஒன்று என்பதை அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த பெரிய ஆய்வு 1998இலேயே காட்டிவிட்டது. பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் அந்தப் பிள்ளையின் தலையில்தான் கடனை ஏற்றுகிறார்கள்.

சரி, தாயும் பிள்ளையும் எங்கே போவார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் ஏன் போக வேண்டும்? 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அடிக்கிறவனையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நடுவர் உத்தரவிடலாம். பிள்ளைக்குப் பள்ளி மாறாது, நண்பர்கள் மாறமாட்டார்கள். உத்தரவு கைக்கு வரும்வரை அந்தப் பையனுக்கு ஒரு சித்தி வீடோ அத்தை வீடோ வேண்டும். எந்த நேரம் கதவைத் தட்டினாலும், குறுக்குக் கேள்வி கேட்காமல் சோறு போட்டு, படிக்க ஒரு மூலை ஒதுக்கித் தருகிற வீடு. "ஆம்பளப் பிள்ளைதானே, அப்பனைத் தட்டிக் கேளேன்" என்று உசுப்பேற்றுகிற மாமாக்கள் அவனுக்கு வேண்டாம்.

அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஒதுங்குகிறவர்களுக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. வன்முறை நடக்கிறது என்று அறிந்த யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் எந்த வழக்கும் வராது என்கிறது 4ஆம் பிரிவு. உதவி எண் பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இரண்டுக்கும் கட்டணமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டால் கூப்பிடுங்கள்.