ஆடாமல் இழந்த கோப்பை

விளையாட்டில் அரசியல் எதற்கு என்று நம் இளைஞர் வினவுகின்றனர். 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிச் சுற்றை எட்டிய இந்தியா, நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவோடு ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே அந்நாட்டுக்குச் சென்றது.

நம் வடஆற்காட்டு மக்கள் பலர் 1860க்குப்பின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகளைத் தாழ்த்தி ஒதுக்கிய ஆட்சியின் அணியோடு நாம் எங்ஙனம் கைகுலுக்குவது? மறுத்தது முறையே.

ஆயினும், 1946இலேயே அந்நாட்டோடு வணிகத்தைத் துண்டித்த அரசுக்கு அது கொள்கை. சென்னைக் கத்தோலிக்கக் குடும்பத்துச் சகோதரர்களான ஆனந்த், விஜய் அமிர்தராஜுக்கோ கைக்கெட்டிய கனி. விலை கொடுத்தவர்கள் அவர்களே. மீண்டும் இறுதிச் சுற்று வாய்த்தது 1987இல். சுவீடனிடம் 5–0 எனத் தோற்றோம். அப்போது விஜய்க்கு வயது 34.