சேஸிக்கு பெட்டிங் வேணுமா, வேணாமா?

மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா தட்டிக்கிட்டிருக்கற கோஷ்டியில நானும் ஒருத்தன். அதனால இந்தப் பதிவுல கொஞ்சம் பட்டறை வாசனை அடிக்கும், பொறுத்துக்கோங்க மக்கா.

அமெரிக்காவுல ரைஃபிள் பைத்தியங்களுக்குள்ள தீராத பஞ்சாயத்து இது. ரைஃபிள்ல போல்ட் போய்வர்ற இரும்புக் குழாய்தான் ஆக்‌ஷன். அதை மரக்கட்டையில உட்கார வைக்கும்போது நடுவுல எபாக்ஸி ஊத்தி இடைவெளியில்லாம பண்றது பெட்டிங். மரம் ஈரத்துல உப்பும், வெயில்ல சுருங்கும், அதனால அது அவசியம். இப்ப மரத்துக்குப் பதிலா அலுமினிய சேஸி. ‘அப்படியே வச்சு ரெண்டு ஸ்க்ரூவை முடுக்கு, பெட்டிங்கே வேணாம்’னு விக்கறாங்க.

என் கட்சி: அது பாதி உண்மை. சேஸிக்குள்ள ‘வி’ மாதிரி பள்ளம் இருக்கும். உருண்டைக் குழாய் அதுல ரெண்டு கோட்டுல மட்டும் தொட்டு, தானா நடுவுல உட்காரும். அருமையான யோசனைதான். ஆனா குழாய் நேரா இருந்தாத்தானே? 1962லேர்ந்து வர்ற ரெமிங்டன் 700 மாதிரி ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளுற ஆக்‌ஷன்ல, கெட்டிப்படுத்தும்போதோ பாலிஷ் போடும்போதோ துளி கோணல் வரலாம். 65 இஞ்ச்-பவுண்டுக்கு ஸ்க்ரூவை முடுக்கினா அலுமினியம் வளையாது, ஆக்‌ஷன்தான் வளைஞ்சு கொடுக்கும். அப்புறம் ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் குண்டு வேற வேற இடத்துல விழும். ‘என் மெஷின்ல ஓடுதே’ங்கற டெவலப்பர் பதில்தான் சேஸிக்காரரும் சொல்லுவார்.

இன்னொரு தமாஷ். சேஸிக்கெல்லாம் தாத்தா மாதிரியான அக்யூரசி இன்டர்நேஷனல் (1978ல இங்கிலாந்துல, போர்ட்ஸ்மவுத்ல ஆரம்பிச்ச கம்பெனி) தன்னோட ஆக்‌ஷனை அலுமினிய சேஸியில ஸ்க்ரூ போட்டதோட நிக்காம எபாக்ஸி வச்சு ஒட்டியும் வித்தாங்க. ‘சேஸின்னா எபாக்ஸி வேணாம்’னு சத்தியம் பண்றவங்க இதுக்கு என்ன சொல்லுவாங்க?

அதுக்காக எல்லாத்துக்கும் எபாக்ஸி ஊத்துங்கற ஆளும் நான் இல்ல. முதல்ல அளந்து பாருங்கப்பா! டெக்சாஸ்ல கூட வேலை பாக்கற நண்பருக்கு நான் சொன்னது இதுதான். காலி ரைஃபிள், போல்ட்டையும் எடுத்தாச்சு. பேரலுக்கும் சேஸியோட முன்பகுதிக்கும் நடுவுல டயல் கேஜ் (மெட்ராலஜி லேப் ஞாபகம் இருக்கா?). ஒரு ஸ்க்ரூவை மெதுவா தளர்த்தணும். முள் 0.002 இஞ்சுக்குள்ள நின்னா கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கலாம். அவருக்கு 0.006 வரைக்கும் ஓடுச்சு.

அதனால பள்ளத்துல காகிதம் கனத்துக்கு எபாக்ஸி. ஆக்‌ஷன் ஒட்டிக்காம இருக்க அதுமேல கிவி ஷூ பாலிஷ் பூசினோம், நிஜமாத்தான்! உதை வாங்கற ரீகாயில் லக்குக்குப் பின்பக்கம் மட்டும் முழுசா அணையணும். முன்னாடியும் பக்கவாட்டுலயும் அடியிலயும் டேப் ஒட்டி இடம் விட்டாச்சு. எபாக்ஸி இறுகற வரைக்கும் ஸ்க்ரூவை விரலால திருகினதோட சரி. அந்த நேரத்துல ஸ்பேனர் போட்டு முடுக்கினா கோணலையே அச்சு எடுத்த மாதிரி ஆயிடும்.

மறுநாள் அளந்தப்ப முள் 0.001 இஞ்சைத் தாண்டல. ஒரே நஷ்டம், அந்தச் சேஸி இனிமே அந்த ஒரு ஆக்‌ஷனுக்குத்தான் பொருத்தம். வேறொரு 700-ஐக் கொண்டுவந்து மாட்டணும்னா எபாக்ஸியைச் சுரண்டித்தான் எடுக்கணும்.