துத்தநாகத்துக்கு என்ன பதில், அண்ணாச்சி?

ஸ்ரீவைகுண்டத்து அறிவியல் கூட்டமொன்றில் அண்ணாச்சி ஒருவர் வாசித்த கட்டுரை இப்போது தூத்துக்குடி வரை கைமாறிக்கொண்டிருக்கிறது. இரு பரிமாண மீக்கடத்திகளில் காந்த அலைவுகளுக்குப் பங்கு உண்டு என்பதெல்லாம் வெறும் மோஸ்தர், 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் சொன்னதே போதும் என்பது அதன் சாரம். கேட்பவர்கள் எதையும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம் வரிக்கு வரி தெரிகிறது. வாசகர்கள் அவ்வளவு ஏமாளிகளா?

காந்தம் மீக்கடத்தலின் ஜென்மப் பகையாம். பழைய உலோகங்களில் அது சரி. காந்த அணுக்களைத் தூவினால் எலக்ட்ரான் ஜோடிகள் முறியும் என்று அப்ரிகோசோவும் கோர்கோவும் அறுபதுகளின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆனால் 1986-இல் பெட்நார்ஸும் முல்லரும் திறந்துவிட்ட, இரு பரிமாண அடுக்குகளாலான தாமிர ஆக்சைடுக் குடும்பத்தின் மேல் அதே சட்டத்தை நீட்டுமுன், இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடில் தாமிரம் இருந்த இடத்தில் துத்தநாகத்தை வைத்தால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்க வேண்டாமா? காந்தமே இல்லாத துத்தநாகம் மீக்கடத்தும் வெப்பநிலையைச் சரசரவென்று இறக்குகிறது. காந்தமுள்ள நிக்கலோ அதைவிடக் குறைவாகவே இறக்குகிறது. இதில் பகையாளி யார்?

அடுத்த பக்கத்தில், இரு பரிமாணத்தில் காந்த ஒழுங்கே நிலைக்காது என்று 1966-ஆம் ஆண்டின் மெர்மின்–வாக்னர் தேற்றத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நல்லது. ஒழுங்கு நிலைக்காவிட்டால் மிஞ்சுவது என்ன? அலைவுதானே! லாந்தனம் தாமிர ஆக்சைடில் அடுக்குகளுக்கிடையிலான பிணைப்பால் சுமார் 325 கெல்வின் வரை நிற்கும் எதிர்ஃபெர்ரோ ஒழுங்கு (பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கும் காந்த ஒழுங்கு), இரண்டு சதவீத ஸ்ட்ரோன்ஷியம் சேர்த்தாலே மடிந்துவிடுகிறது. ஆனால் மீக்கடத்தும் மாதிரிகளிலும் அந்த ஸ்பின் துடிப்புகளை நியூட்ரான் சிதறல் காட்டிக்கொண்டே இருக்கிறது. காந்தம் கொல்லும் என்று ஒரு பக்கம், காந்தமே இருக்காது என்று மறுபக்கம்! அண்ணாச்சி எந்தக் கட்சி?

எலக்ட்ரான்களை ஜோடி சேர்ப்பது படிகத்தின் அதிர்வான ஃபோனான்தான் என்பதற்குச் சாட்சியாக 1950-இன் பாதரச ஐசோடோப்புச் சோதனையைக் கூப்பிடுகிறார். 93 கெல்வினில் மீக்கடத்தும் இட்ரியம் சேர்மத்தில் ஆக்சிஜன் ஐசோடோப்பை மாற்றினால் வெப்பநிலை அசைவதேயில்லை என்று சொல்லுமளவுக்குத்தான் அசைகிறது. மின்துளைகளின் ஊட்டம் குறைந்த மாதிரிகளில் அந்த விளைவு பெரிதாகிறது என்றாவது சொல்லியிருந்தால் ஒரு வாதம் மிஞ்சியிருக்கும். அவர் கட்சிக்கான ஒரே நல்ல ஆதாரமும் அவருக்குத் தெரியவில்லை. 1994-இல் சூயியும் கிர்ட்லியும், கோணம் மாற்றி ஒட்டிய முப்படிக வளையத்தில் காந்தப் பாயத்தின் அரை அலகு தானாகச் சிக்கி நிற்பதைக் கண்டார்கள். ஜோடியின் அலைச்சார்பின் குறி திசைக்குத் திசை மாறுகிறது என்று அதற்குப் பொருள். ஃபோனான் மட்டும் ஒட்டினால் குறி மாறாத ஜோடியே எளிதில் வரும். எதிர்ஃபெர்ரோ அலைவுகள் கேட்பதோ அந்தக் குறிமாற்றத்தைத்தான்.

உள்நோக்கம் கடைசியில்தான் வெளியே வருகிறது. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன் பெயர் இருப்பதால்தான் காந்தத்தின் வழியே மீக்கடத்தலை விளக்கும் ஆர்.வி.பி. (ஒத்திசைவு இணைதிறன் பிணைப்பு) கொள்கைக்குத் தமிழர்கள் கைதட்டுகிறார்களாம். அந்தக் கொள்கை பற்றி 1987-இல் வந்த கட்டுரையின் ஆசிரியர்கள் பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் என மூவர். ஆண்டர்சனுக்குமா தமிழ்ப்பற்று? அந்த ஆண்டர்சனையே, எலக்ட்ரான்களை ஜோடி சேர்க்கப் பசை தேவையில்லை என்று 2007-இல் எழுதியவர் என்று தன் தரப்புச் சாட்சியாகவும் நிறுத்துகிறார்! ஆண்டர்சன் மறுத்தது இடையில் ஒரு தூதுத் துகள் வேண்டும் என்பதை. அதற்குப் பதிலாக அவர் வைத்தது ஸ்பின்களுக்கிடையிலான பரிமாற்ற விசை, அதாவது காந்தத்தின் வேர். இது பங்காளிச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் பாகம் கேட்க முடியாது.

ஆர்.வி.பி. கொள்கை வென்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் காந்தத்துக்குப் பங்கே இல்லை என்ற தீர்ப்பை எழுத அண்ணாச்சிக்கு அருகதை இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது துத்தநாகத்துக்கும் அந்த அரை அலகுக்கும் பதில் கொண்டுவரட்டும்.