நம் வாட்டுகளுக்கு நம் பிள்ளைகள் தாதியராக வரவேண்டும்

தோட்டத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் நாம் போவது அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று தமிழில் கேட்க ஒரு தாதி அங்கே இருந்தால் பாதிப் பயம் போய்விடும். இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் மொழிபெயர்க்கச் சொல்லி நிற்க வேண்டும். பிரசவத்துக்குப் போய்வந்த நம் பெண்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும்.

ஆகவே நம் பிள்ளைகள் தாதியராக வரவேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறோம். அது நியாயமான ஆசை. அதற்கான வழி எது, அந்த வழி எந்த இடத்தில் அடைபடுகிறது என்பதையும் நாம் பேசியாக வேண்டும்.

வழி இருக்கிறது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருடத் தாதியியல் பட்டப்படிப்பு நடக்கிறது. படிப்புக் கட்டணம் கிடையாது. தகுதி பெறுபவர்களுக்கு மஹாபொல அல்லது நிதியுதவி கிடைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறது. 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது பொது ஒழுங்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. சட்டம் நமக்குக் கதவை மூடவில்லை.

கதவு மூடப்படுவது அதற்கு முன்பே, சாதாரண தரப் பெறுபேறு வந்த அந்த மாதத்தில். தாதியியல் பட்டத்துக்கு உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படித்திருக்க வேண்டும். நம் பகுதிகளில் தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் சிலதான். ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, இருந்தாலும் தோட்டத்திலிருந்து போய்வர பஸ் இல்லை. டவுனில் தங்கிப் படிக்க வேண்டும் என்றால் போடிங் காசு, டியூஷன் காசு. நாட் சம்பளத்தில் வாழும் தாய் தகப்பன் என்ன செய்வார்கள்? கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி எடுத்த பிள்ளை பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவுக்குப் போகிறது. கலைப் பிரிவு தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. விரும்பிப் போகும் பிள்ளை போகட்டும். வேறு வகுப்பு இல்லாததால் போகும் பிள்ளையைப் பற்றியே பேசுகிறோம். அந்தப் பிள்ளைக்குத் தாதியியல் பட்டம் பதினாறு வயதிலேயே கைநழுவிப் போகிறது.

இது இன்று நேற்று வந்த குறை அல்ல. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில்தான். அந்த இடைவெளியை இன்னும் நம் பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள்.

நமக்குள்ளும் மாற வேண்டியவை உண்டு. “டொக்டருக்குக் கிடைக்காதவர்கள்தான் நேர்ஸ் ஆகிறார்கள்” என்ற பேச்சு வேண்டாம். பொம்பிளைப் பிள்ளைக்கு இரவு வேலை சரிவராது என்று தடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. விடியுமுன்னே எழும்பி, மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வாழும் லயத்தில் இந்தப் பேச்சு பொருந்துமா? ஆண் பிள்ளைகளும் இந்தப் படிப்புக்குப் போகலாம்.

இப்போது விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். மூன்று பாடங்களிலும் சித்தி பெறுவதோடு பொது வினாத்தாளில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும். அதை அலட்சியம் செய்ய விடாதீர்கள். விண்ணப்பத்தில் பிள்ளை குறிப்பிடாத கற்கைநெறி அதற்குக் கிடைக்காது. ஆகவே தாதியியலை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாக விருப்ப வரிசையில் எழுதச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, வாக்காளர் இடாப்பில் குடும்பத்தின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் ஆங்கிலத்தையும் விடாமல் படிக்கட்டும். பட்டத்துக்கு இடம் கிடைக்காவிட்டால் சுகாதார அமைச்சின் மூன்று வருடத் தாதியர் பயிற்சி இருக்கிறது. அதற்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. “நேர்சிங் டிகிரி” என்று பெரிய போஸ்டர் ஒட்டும் தனியார் நிறுவனங்களுக்கு நகையை அடகு வைத்தோ, சேமலாப நிதிக் காசை எடுத்தோ கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? படித்து முடித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சை நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

ஆனால் பெற்றோரின் கவனம் மட்டும் போதாது. விஞ்ஞான வகுப்பே இல்லாத இடத்தில் எந்தத் தாயும் அதை உண்டாக்க முடியாது. அது சங்கத்தின் வேலை. ஆயிரம் ரூபாய் நாட் சம்பளத்துக்காக வருடக்கணக்கில் வீதியில் நின்றோம். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் அது வர்த்தமானியில் வந்தது. அதே பிடிவாதம் இதற்கும் வேண்டும். தோட்டப் பிள்ளை பஸ்ஸில் போய்வரக் கூடிய தூரத்தில் தமிழில் உயர்தர விஞ்ஞான வகுப்பு ஒன்று, அதற்கு நிரந்தரமான பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆசிரியர்கள், வேலை செய்யும் ஓர் ஆய்வுகூடம். இவற்றை ஒவ்வொரு கல்வி வலயத்திலும் கேட்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகளும் மாதர் அணியும் அடுத்த கூட்டத்திலேயே ஒரு கணக்கு எடுங்கள். நம் தோட்டத்தில் இந்த வருடம் சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் விஞ்ஞானம் படிக்க விரும்புபவர்கள் யார்? அவர்களுக்கு எந்தப் பாடசாலையில் இடம் இருக்கிறது? அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போவோம். பெயர் பெயராகக் கேட்டால் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது அவர்களுக்கும் அவ்வளவு இலகுவாக இருக்காது.