வட்டில் உறங்கும் மென்பொருள்கள்

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளின் குறுந்தகட்டை இன்றைய கணினியில் இட்டு, அது ஏற்கப்படாமல் போவதைக் காண்கிறவர்கள், பொருள் பழசாகிவிட்டது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு புதியதொன்றை வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். அந்தச் சமாதானம் பல சந்தர்ப்பங்களில் உண்மைக்குப் பொருந்தாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

விண்டோஸ் 95க்கென்று எழுதப்பட்ட நிரல்களில் பெரும்பாலானவை 32-பிட் நிரல்கள். அவ்வகை நிரல்களை இன்றைய 64-பிட் விண்டோஸும் ஏற்று நடத்துகிறது. ஆயினும், நிரலை வட்டிலிருந்து எடுத்துக் கணினியில் அமர்த்தும் இன்ஸ்டாலர் மட்டும் அவற்றுள் பலவற்றில் 16-பிட்டாகவே இருந்தது. விண்டோஸ் 3.1 வைத்திருந்த ஒருவர் அறியாமல் அந்த வட்டை இட்டால், இது உங்கள் கணினிக்கு உரியதன்று என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்துவதற்கு, அந்தப் பழைய அமைப்பிலும் ஓடக்கூடிய இன்ஸ்டாலர் தேவைப்பட்டது. அன்று பழையவர்களுக்காகச் செய்த அந்த உபகாரமே, 16-பிட் நிரல்களை அறவே ஏற்காத 64-பிட் விண்டோஸ் வந்தபின் பெருந்தடையாக முடிந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது. ஆக, உள்ளே இருப்பவர் ஆரோக்கியமாக இருக்க, வாசற்காவலர் மாண்டதால் வீடே பூட்டிக் கிடக்கிறது.

இதற்குப் பரிகாரம் இல்லையென்று சொல்ல இயலாது. இன்ஸ்டால்ஷீல்டு 5, மைக்ரோசாப்ட்டின் ஆக்மி செட்டப் முதலிய சில பழைய இன்ஸ்டாலர்களை 64-பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, அவற்றின் ஸ்தானத்தில் அதே வேலையைச் செய்யும் 32-பிட் இன்ஸ்டாலரைத் தானே ஓடவிடுகிறது. யாரும் கேட்டு வாங்காத இந்த உதவியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். விண்டோஸ் 95 வெளிவந்த காலத்திலேயே, பதிப்பெண்ணைச் சரிவர ஒப்பிடத் தெரியாத பழைய நிரல்கள் தடுமாறக் கூடாதென்று, அவற்றிடம் தன் எண்ணை 3.95 என்று சொல்லிக்கொண்டதும் இதே பரம்பரையைச் சேர்ந்ததுதான். ஆப்பிள் நிறுவனம் 2019இல் கேட்டலினா பதிப்போடு 32-பிட் நிரல்களை ஒருசேர விலக்கியபோது இத்தகைய தாட்சண்யம் காட்டவில்லை.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் காப்பாற்ற முடியாதென்பதை ஒப்புக்கொள்கிறேன். திருட்டுப் பிரதிகளைத் தடுக்கப் பழைய விளையாட்டு வட்டுகளில் சேர்த்திருந்த சேஃப்டிஸ்க் என்னும் பூட்டு, பாதுகாப்புக்கு ஆபத்தானது என்று விண்டோஸ் 10இல் விலக்கப்பட்டது நியாயமே. ஆனால் அத்தகைய பூட்டு எதுவுமின்றி, வெறும் இன்ஸ்டாலர் ஒன்றால் முடங்கிக் கிடக்கும் நிரல்களுக்கு, அவற்றை விற்றுப் பொருளீட்டிய நிறுவனங்கள் ஒரு 32-பிட் இன்ஸ்டாலரையேனும், அதுவும் இயலாதெனில் விரித்தெடுத்த கோப்புகளையேனும், பணம் கொடுத்தவர்களுக்கு இலவசமாக வழங்கக் கடமைப்பட்டிருக்கின்றன. விற்பனையை நிறுத்திவிட்டோம் என்பது அக்கடமையிலிருந்து அவர்களை விடுவிக்காது.